முள்ளம்பன்றியின் தோல் யாருக்கு வேண்டும்?

காட்டின் கடைசி எல்லையில், பனி உறையும் ஆற்றங்கரையில், ஓநாய் ஒரு மண்டி வைத்திருந்தது. விலங்குகள் தங்கள் உடம்பில் உதிரும் முடியைக் கொண்டுபோய்க் கொடுக்கும். பதிலுக்கு ஓநாய் உப்பு கொடுக்கும். முழுத் தோல் என்றால் மூட்டை உப்பு.

ஆனால் தோலை யார் தானாக உரித்துக் கொடுப்பார்கள்? அதற்குத்தான் நரி இருந்தது. நரிதான் அங்கே நீதிபதி. குற்றவாளியின் தோல் நீதிபதிக்குச் சொந்தம் என்பது அந்த ஊர் வழக்கம். எல்லாருக்கும் உப்பு வேண்டும், அதனால் யாரும் வாய் திறக்கவில்லை.

சுழியனும் வழுக்கனும் நீர்நாய்கள். இரண்டுக்கும் சிலும்பி என்ற பெண் நீர்நாய் மேல் ஆசை. பெண் நீர்நாய் தன் முதுகு முடியை யாரிடம் கோதக் கொடுக்கிறதோ, அதுதான் அதன் ஜோடி. சிலும்பி சுழியனிடம் முதுகைக் காட்டிவிட்டது.

"என் நகத்துல என்னடி குறை?" என்றது வழுக்கன்.

"நகத்துல ஒண்ணுமில்ல. கோதும்போதே உப்பை நினைச்சு நாக்கைச் சப்புக்கொட்டுற பாரு, அதான்!"

சுழியன் கோதிய முடியை மண்டிக்குக் கொண்டுபோகவில்லை. உருட்டித் தன் வளையில் தலைமாட்டில் வைத்துக்கொண்டது. காதல் வந்தால் புத்தி இப்படித்தான் போகும்.

அந்தக் குளிர்காலத்தில் மண்டியில் ஒரு முடிக்கட்டு காணாமல் போனது. வழுக்கன் நேராக நரியிடம் ஓடியது.

"திருடன் சுழியன்தான் ஐயா! அவன் வளையில போய்ப் பாருங்க!"

போய்ப் பார்த்தன. முடி இருந்தது. நரியின் சேவகர்களான செந்நாய்கள் சுழியனைக் கட்டி இழுத்து வந்தன. ஆற்றங்கரையில் கூட்டம் கூடியது.

"அது என் முடி!" என்று கத்தியது சிலும்பி. "சந்தேகம்னா மோந்து பாருங்க!"

முயல் மோந்தது. மான் மோந்தது. "ஆமாங்க, இவ வாசனைதான்," என்றன. ஓநாய்கூடத் தலையாட்டியது.

அப்போது முள்ளம்பன்றி எழுந்தது. "ஐயா, மண்டியில முடிக்கட்டை எடுத்தது நான். குளிர் தாங்கல. பொந்துல பரப்பிப் படுத்திருக்கேன். அவனை விட்டுடுங்க."

கூட்டம் மூச்சு விட்டது. சிலும்பி சுழியனின் கட்டை அவிழ்க்க ஓடியது.

"நில்லு!" என்றது நரி. "டேய் முள்ளு, நீ உட்காரு. உன் தோலை எவன் வாங்குவான்?"

யாரும் சிரிக்கவில்லை. நரி தொண்டையைக் கனைத்துக்கொண்டது.

"அதாவது, குளிருக்கு எடுத்தது குற்றமாகாது. ஆனா சுழியன் முடியை மண்டிக்குக் கொண்டுவராம பதுக்கியிருக்கான். உரிங்க அவனை!"

"சரியான தீர்ப்பு ஐயா!" என்று துள்ளியது வழுக்கன்.

"இரு, இரு. அவன் திருடன்னு நீ சொன்னது பொய். பொய்ச் சாட்சிக்கும் அதே தண்டனைதான்."

"ஐயா! நான் உங்க ஆளு!"

"என் ஆளுதான். அதான் உன் தோலும் எனக்கு!"

பிறகு நரியின் கண் சிலும்பியின் பளபளக்கும் முதுகில் போய் நின்றது. "முடியைக் கொடுத்தவளும்..."

"குதி!" என்றது சுழியன்.

சிலும்பி நகரவில்லை.

"குதிடி!"

குதித்தது. பனிக்கட்டி உடைந்தது. அதன் பிறகு சிலும்பியை அந்தக் கரையில் யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் மண்டிக் கயிற்றில் இரண்டு தோல்கள் பக்கத்துப் பக்கத்தில் தொங்கின. எது சுழியன், எது வழுக்கன் என்று யாருக்கும் தெரியவில்லை. முயலும் மானும் அதற்குக் கீழேயே வரிசையில் நின்று உப்பு வாங்கிப் போயின. முள்ளம்பன்றி மட்டும் வரவில்லை.

தண்டனையில் லாபம் பார்க்கிறவன் நீதிபதியானால், திருடனைத் தவிர எல்லாருக்கும் தண்டனை கிடைக்கும்.