இசக்கியம்மாள் வீட்டு விலை

மாசிலாமணி அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பாளையங்கோட்டையில் வீட்டு புரோக்கர் தொழில் பழகச் செல்லக்கனியிடம் வந்து சேர்ந்தார். குருவுக்கு வயது நாற்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் தொழிலில் மூத்தவள் என்று அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவள் இவரை அண்ணாச்சி என்பாள். கேட்கிறவர்களுக்குத்தான் தலை சுற்றும்.

அவரிடம் ஒரே ஒரு குறை. ஆயுள் முழுக்க ஊர்ப் பெயரைக் கத்திக் கத்திப் பழகிய வாய். தெரிந்ததைச் சொல்லாமல் வைத்திருந்தால் அவருக்கு நெஞ்சை அடைக்கும்.

இசக்கியம்மாள் பூட்டிக் கிடந்த தன் வீட்டை விற்க வந்தாள். வீடு விற்கிறவர்கள் கண்ட புரோக்கரிடமெல்லாம் சொல்லி வைப்பதுதான் வழக்கம். அவள் சாவியைச் செல்லக்கனி ஒருத்தியிடம் மட்டும் கொடுத்தாள்.

“எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சுல ஆபரேஷன், தாயி. சீக்கிரம் செய்யணும்னு டாக்டர் சொல்லுதாரு. இது வெளிய தெரிஞ்சா அடிமாட்டு விலைக்குக் கேப்பாங்க.”

“எங்களைத் தாண்டிப் போகாது” என்றாள் செல்லக்கனி. பக்கத்தில் இருந்த மாசிலாமணியும் பலமாகத் தலையாட்டினார்.

பெயின்ட் கடை சண்முகவேல் மனைவி உலகம்மையோடு வீடு பார்க்க வந்தார். செல்லக்கனியும் உலகம்மையும் அடுப்படியில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். சண்முகவேலும் மாசிலாமணியும் தெருவில் நின்றார்கள்.

“கடைசி விலை என்ன?” என்று சண்முகவேல் கேட்டார். வீடு வாங்க வருகிற எல்லாரும் கேட்கிற கேள்விதான்.

மாசிலாமணிக்கு நல்லது செய்கிற நினைப்பு. வீடு சட்டென்று விற்றால் எல்லாருக்கும் சந்தோஷம்தானே.

“அவங்களுக்கு அவசரம் சார். ஆஸ்பத்திரிச் செலவு. கேட்டுப் பாருங்க, இறங்கி வருவாங்க.”

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கெட்டது தவளை இல்லை, இசக்கியம்மாள். மறுநாள் காலையிலேயே சண்முகவேல் அவளுக்கு ஆள் அனுப்பிவிட்டார். சொன்ன விலையில் முக்கால் பங்குதான் தருவார். வெள்ளிக்கிழமைக்குள் சரி என்றால் சரி, இல்லையென்றால் வேறு வீடு.

அவள் நேரே செல்லக்கனியின் அலுவலகத்துக்கு வந்தாள்.

“முக்கால் விலைக்குக் குடுத்தா ஆபரேஷனுக்குப் பத்தாது. குடுக்கலன்னா அடுத்த ஆள் வார வரைக்கும் அவரு தாங்குவாரோ என்னமோ. எங்க கஷ்டம் அந்த ஆளுக்கு எப்பிடித் தெரிஞ்சுது?”

மாசிலாமணிக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

செல்லக்கனி அவர் பக்கம் திரும்பவே இல்லை. “எங்ககிட்ட இருந்துதான் போச்சு” என்றாள். சாவியை எடுத்து மேசையில் வைத்தாள். “வாக்குத் தவறிட்டோம். சாவியை வாங்கிக்கிடுங்க. வேற நல்ல ஆளாப் பாருங்க.”

இசக்கியம்மாள் சாவியைப் பார்த்தபடி இருந்தாள். வேறு யாராக இருந்தாலும் காற்று கொண்டுபோயிருக்கும் என்று சொல்லித் தப்பித்திருப்பார்கள்.

“உள்ளதைச் சொல்லிட்டே. சாவி ஒங்கிட்டயே இருக்கட்டும். போய் அந்த ஆள்கிட்ட பேசு.”

குருவும் சீடரும் பெயின்ட் கடைக்குப் போனார்கள்.

“என்னம்மா, சம்மதிச்சுட்டாங்களா?” என்றார் சண்முகவேல்.

“இல்ல சார். சொன்ன விலைதான் விலை.”

“அவசரம்னு ஒங்க ஆளே சொன்னாரே.”

“சொன்னாரு. சொல்லியிருக்கக் கூடாது. நீங்க பேசுனதையும் இப்பிடி வெளிய விட்டா எங்களை நம்புவீங்களா?”

“நாங்க பேசுனதுல வெளிய விட என்ன இருக்கு?”

“நீங்க தெருவுல நின்னப்ப உங்க வீட்டம்மா எங்கிட்ட ஒண்ணு சொன்னாங்க. அதை இசக்கியம்மாகிட்ட நான் சொல்லல. சொல்லவும் மாட்டேன்.”

“என்னத்தைச் சொன்னா?”

“அவங்களையே கேளுங்க.”

கல்லாவில் இருந்த உலகம்மை பில் போடுவதை நிறுத்தினாள். “இந்த வீடு இல்லன்னா வேற வீடு பாக்க வரமாட்டேன்னு சொன்னேன். இன்னும் கூடுதலாக் கேட்டாலும் ஒங்களை வாங்க வச்சிருவேன்னு சொன்னேன்.”

சண்முகவேல் செல்லக்கனியை ஏற இறங்கப் பார்த்தார். “இது அந்தம்மாவுக்குத் தெரிஞ்சிருந்தா விலையை ஏத்தியிருப்பாங்களே.”

“அதனாலதான் அவங்களுக்குத் தெரியாது.”

உலகம்மை விடவில்லை.

“கண்ணீர் விட்டுக் குடுக்கிற வீட்டுல பால் காய்ச்ச எனக்கு மனசு வராது. முழு விலையும் குடுங்க.”

அவர் சிரித்துவிட்டார். தோற்ற சிரிப்பு இல்லை. மனது லேசான மனிதனின் சிரிப்பு. அப்போதே தட்டில் வெற்றிலை பாக்கு வாங்கி வைத்து, பேசிய முழு விலைக்கு அட்வான்ஸ் கொடுத்தார்.

தட்டை மாசிலாமணிதான் ஏந்தி வந்தார். கொடைவிழாவில் சாமிக்குச் சீர் கொண்டுபோகிறவர் போல ஆட்டோவில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பாதி வழியில் கேட்டார்.

“யக்கா, நாம விக்கிறவங்க பக்கமா, வாங்குறவங்க பக்கமா?”

செல்லக்கனி ஆட்டோக்காரரிடம் இடது பக்கம் திரும்பச் சொன்னாள்.

இசக்கியம்மாள் தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அழுதாள், சிரித்தாள், உள்ளே போய்ப் புருஷனிடம் சொல்லிவிட்டு ஓடி வந்தாள்.

“அவ்வளவு பிடிவாதமா நின்ன மனுசன் எப்பிடி அண்ணாச்சி சம்மதிச்சாரு?”

மாசிலாமணி வாயைத் திறந்தார். உலகம்மை சொன்னது அத்தனையும் நாக்கு நுனிக்கு வந்தது. பத்திரம் இன்னும் பதியவில்லை. வாயை மூடிக்கொண்டார். நெஞ்சை அடைக்கும் என்று பார்த்தார். அடைக்கவில்லை.

அவள் மறுபடியும் கேட்டாள். அவர் வெற்றிலையைச் சரியாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

“என்ன தாயி, அண்ணாச்சி பேசவே மாட்டேங்காவ? உடம்புக்கு முடியலையோ?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல” என்றாள் செல்லக்கனி. “அண்ணாச்சி இன்னைக்குத்தான் புரோக்கர் தொழிலுக்கு வந்திருக்காவ.”