நீலம் பூத்த சேலைகள்

காமிராவுக்கு நிறம் சொல்லிக்கொடுக்கும் வித்தையைக் கோகிலவாணி ஐம்பது வயதுக்கு மேல்தான் கற்றுக்கொள்ள வந்தார். ஆசிரியை நவமணி அவரைவிட இளையவர். இருவருமே அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

வித்தை இதுதான். ஓர் அட்டையில் சின்னச் சின்னக் கட்டங்களாக நிறங்கள் இருக்கும். படமெடுக்கப்போகும் வெளிச்சத்தில் முதலில் அந்த அட்டையைப் படம்பிடித்துக் கணினிக்குக் கொடுக்க வேண்டும். எந்தக் கட்டம் என்ன நிறம் என்று கணினிக்கு முன்பே தெரியும். காமிரா எங்கே பிசகுகிறது என்று பார்த்து, அதைத் திருத்த ஒரு நிறக்கோப்பு செய்துவிடும். பிறகு படங்களெல்லாம் அதன் வழியே சரியாகும்.

அன்று கோகிலவாணி ஓடிவந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"மானம் போகுதுங்க டீச்சர். ஜவுளிக்கடைக்காகத் தீபாவளிச் சேலையெல்லாம் படமெடுத்தேன். நான் தனியாப் புடிச்ச முதல் வேலை. அத்தனையும் நீலம் பூத்துக் கெடக்குது. எலுமிச்சை மஞ்சச் சேலை சாம்பலாட்டம் தெரியுது. சாயங்காலம் கடைக்காரர் வந்து பாத்தார்னா அப்புறம் என்னைக் கூப்புடவே மாட்டார்."

"நிறக்கோப்பு செஞ்சீங்களா?"

"நீங்க சொன்னபடியேதானுங்க. காமிராவுக்குக் கோளாறா, என் கண்ணுக்குக் கோளாறா?"

நவமணி தன் அட்டையை எடுத்து மேசையில் வைத்தார்.

"உங்களுதைப் பக்கத்துல வைங்கக்கா."

நவமணியின் அட்டையில் கீழ்வரிசை வெள்ளையில் தொடங்கிச் சாம்பலாகிக் கறுப்பில் முடிந்தது. கோகிலவாணியின் அட்டையில் அதே வரிசை மஞ்சள் பாய்ந்திருந்தது.

"இது என்னக்கா?"

கோகிலவாணி இழுத்தார். "ஆயுத பூஜை வந்துதில்லைங்க... சோறு போடற சாமான். அந்த வரிசை மட்டும் வெறிச்சுனு இருந்துது. மஞ்சள் குழைச்சுத் தடவி, குங்குமம் வெச்சுக் கும்பிட்டேன். மறுநாள் நல்லாத் தொடைச்சுட்டேனுங்களே!"

நவமணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கோகிலவாணி முதலில் முறைத்தார். பிறகு அவராலும் அடக்க முடியவில்லை.

"கணினி பாவம், என்ன பண்ணும்? இதுதான் வெள்ளைன்னு நம்பிடுச்சு. எல்லாப் படத்துலயும் இருந்த மஞ்சளைக் கழிச்சு வெச்சிருக்குது. மஞ்சள் போனா நீலம்தானே தூக்கும்."

"அப்ப எடுத்ததெல்லாம் வீணுங்களா?"

"படத்துக்கு ஒண்ணும் ஆகலை. என் அட்டையைக் கொண்டுபோய் அதே விளக்குல படம்பிடிச்சு, நிறக்கோப்பை மட்டும் மாத்துங்க."

மாற்றியதும் எலுமிச்சைச் சேலை எலுமிச்சையாகவே வந்து நின்றது. சாயங்காலம் கடைக்காரர் திரையையும் கையிலிருந்த சேலையையும் மாறி மாறிப் பார்த்தார். "பொங்கலுக்கும் நீங்களே எடுத்துக் குடுத்துருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கோகிலவாணிக்குத் தலைகால் புரியவில்லை. மைசூர்பாகு டப்பாவோடு ஆசிரியையிடம் வந்தார்.

"ஒரே ஒரு சந்தேகம் டீச்சர். அடுத்த ஆயுத பூஜைக்கு என்னங்க பண்றது? எல்லாத்துக்கும் பொட்டு வெச்சுட்டு அட்டையை மட்டும் விட மனசு வராதே."

நவமணி வாயிலிருந்த இனிப்பை நிதானமாக மென்று முடித்தார்.

"அட்டையோட பங்கு மஞ்சளை எனக்கே பூசிடுங்கக்கா. நான் மஞ்சளானா ஊர்ல எந்தச் சேலையும் நீலமாகாது."