கூட்டில் எரிந்த பல்பு

அழகுமலை கோழிச்சாமியைக் கடைசியாக உயிரோடு பார்த்த காலையில், சாமி கோழிக்கூட்டுக்குள் முக்காலி மேல் நின்று குண்டு பல்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். சூடு பொறுக்காமல் வேட்டி நுனியால் பிடித்துத் திருகினார்.

“சாமி, அதை எதுக்குக் கழட்டுறீங்க? ஐப்பசி பிறந்துருச்சு. இனிமேத்தான் குளிரே.”

“அதனாலதான்யா டிரைவரு.”

கொடைக்கானலுக்கும் மேலே, பூண்டு விளையும் ஒரு சரிவில் இருந்தது அவர்கள் குடில். மார்கழியில் அங்கே புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும். யாரோ நேர்ந்து விட்டுப்போன ஒரு சேவலும் சில பெட்டைகளும் பெருகி ஒரு கூடு நிறைந்துவிட்டது. முட்டையைச் சாமி தொடமாட்டார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவார். ஊர் வைத்த பெயர்தான் கோழிச்சாமி.

அழகுமலை அந்த ஊருக்குப் பஸ் ஓட்டி வந்தவன். மனைவி இறந்த பிறகு ஒருநாள் சாமியைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தான். போகவில்லை. அன்று முதல் எதற்கும் சாமியைக் கேட்பான். ரசத்துக்கு உப்பு போதுமா என்று கேட்பான். வெயில் வந்துவிட்டதே, குளிக்கலாமா என்று கேட்பான்.

“குளிச்சா நனைவ” என்பார் சாமி.

பல்பு அழகுமலையின் யோசனை. போன குளிருக்கு அவனே வயர் இழுத்து மாட்டினான். அதற்கடியில் கோழிகள் நெருக்கியடித்துக்கொண்டு படுத்திருப்பதைப் பார்த்தால் அவனுக்கு மனசு நிறைந்துவிடும்.

“செத்துப்போகும் சாமி.”

“மார்கழியில கழட்டினாத்தான் சாகும். இப்பக் கழட்டினா நாள் இருக்கு. பழைய இறகு உதிருது பாரு. குளிர் படட்டும், புதுசு அடர்த்தியா வரும்.”

“நான் பக்கத்துலதானே இருக்கேன். எரிஞ்சுட்டுப் போகட்டுமே.”

“கரண்டு போற அன்னைக்கு?”

“வர்ற வரைக்கும் கூடவே உக்காந்திருப்பேன்.”

“நீ அடைகாக்கப் போறியாக்கும்!”

சாமி சிரித்துக்கொண்டே இறங்கினார். காற்று அடிக்கும் பக்கம் பலகை அடிக்கச் சொன்னார். கூரையை ஒட்டிய இடுக்கை மட்டும் அடைக்காதே, மூச்சு ஈரம் வெளியே போகட்டும் என்றார். ராத்திரி உட்கார அகலமான மரச்சட்டம் வை, கோழி தன் விரல் மேல் உடம்பைப் போட்டு மூடிக்கொள்ளும் என்றார். பிறகு பல்பை அவன் கையில் கொடுத்துவிட்டுத் துணிப்பையை எடுத்தார்.

அவர் வயிற்றில் ஒரு கட்டி. மதுரை டாக்டர் பொங்கல் கழித்து வரச் சொல்லியிருந்தார்.

“தைக்குத்தானே வரச் சொன்னாங்க. இப்பவே எதுக்கு சாமி?”

“அங்க மடத்துல தங்கிக்கிறேன். இப்பவே போறதுதான் சரி.”

“நானும் வர்றேன்.”

“கோழியை யாரு பாப்பா?”

பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். அழகுமலை கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

“நீங்க இல்லாம நான் என்ன செய்யட்டும் சாமி?”

பஸ் நகர்ந்தது.

“காலையில தண்ணிச்சட்டியைப் பாரு. உறைஞ்சிருந்தா உடைச்சு விடு.”

பெரிய வார்த்தை ஏதாவது கிடைக்கும் என்று நின்றவனுக்கு அவ்வளவுதான் கிடைத்தது.

கார்த்திகையில் மடத்திலிருந்து ஆள் வந்தது. அடக்கமும் முடிந்திருந்தது. அன்று அழகுமலை ரசத்தைக் கலக்கியபடி, “உப்பு போதுமா?” என்றான். தானே ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு ருசி பார்த்தான். குறைவாக இருந்தது. போட்டான்.

கீழ்த்தோட்டத்துச் செவனம்மா, அழகுமலையைப் பார்த்துத் தன் கூட்டிலும் பல்பு மாட்டியிருந்தாள். அவன் கூடு இருண்டு கிடப்பதைப் பார்த்துவிட்டு, “உங்க சாமி கோழிக்கும் சந்நியாசம் குடுத்துட்டாரா?” என்று வம்பிழுத்தாள்.

மார்கழியில் முதல் பனி இறங்கிய சாயங்காலம் அவன் தாங்கமாட்டாமல் பல்பை எடுத்துக்கொண்டு கூட்டுக்குள் போனான். கோழிகள் சட்டத்தில் வரிசையாக இருந்தன. மாட்டுவதற்கு இடம் வேண்டி ஒரு பெட்டையை நகர்த்தினான். கை இறகுக்குள் புதைந்தது. உள்ளே அடுப்பு மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை. பிறகு பல்போடு திரும்பி வந்தான்.

அந்த வாரமே எங்கோ மரம் விழுந்து மலை முழுக்கக் கரண்டு போனது. விடிந்ததும் செவனம்மா கூடையோடு வந்தாள். கூடையில் இரண்டு கோழிகள் நடுங்கிக்கொண்டிருந்தன.

“மத்ததெல்லாம் விறைச்சுப்போச்சுண்ணே. உன்னோடது எப்படி நிக்குது?”

அவன் அந்த இரண்டையும் தன் கோழிகளுக்கு நடுவே விட்டான். அவை இடம் கொடுத்து ஒட்டிக்கொண்டன.

“பல்பை முன்னாடியே கழட்டியாச்சு. பழகிக்கிருச்சுங்க.”

“எப்பக் கழட்டுன?”

“நான் இல்ல, சாமி. ஐப்பசியில.”

“ஐப்பசியிலயா? அவரு ஊருக்குக் கெளம்பிப் போனாரே, அன்னைக்கா?”

அழகுமலை குனிந்து, தண்ணீர்ச்சட்டியில் உறைந்திருந்ததை உடைத்தான்.

பல்பு இன்னும் குடில் அலமாரியில் இருக்கிறது. மாட்டினால் எரியும்.