கருவிப் பிழை

இருட்டி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். எண்ணெய் காணாத கப்பியை யாரோ வானத்தில் இழுப்பதுபோல ஒரு சத்தம். கிர்ரிக். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் இன்னும் உயரத்தில், கிர்ரிக்.

ஜோவிற்றாவுக்கு அது என்னவென்று தெரியும். தெரிந்தும் தலையைத் தூக்கவில்லை. அவள் காது கதவிடுக்கில் இருந்தது.

எதிர் அறையில் இசபெல் டீச்சர் சிரித்துக்கொண்டிருந்தாள். கூடச் சிரித்தவள் ஹபீபா, வந்து எட்டு மாதமே ஆன சிஷ்யை. ஜோவிற்றா சிஷ்யையாக வந்து ஆறு வருஷம். அதற்கும் முன்னால், கான்வென்டில் படித்தபோது டீச்சரும் அவளும் ஒரே பெஞ்சு. அப்போதெல்லாம் இசபெல் இப்படிச் சிரித்தது அவளோடுதான்.

காற்றுக்கு என்று சொல்லிக்கொண்டு ஜோவிற்றா கதவைத் தாழிடுவதே இல்லை. விரலளவு திறந்து வைப்பாள். எதிர் அறையில் விழும் பாராட்டெல்லாம் அந்த விரலளவு வழியாக ஒன்று விடாமல் அவள் காதுக்கு வரும்.

கரையோரத்து ஆலாப் பறவைகள் எந்த வழியாக, எந்த உயரத்தில் கடல்மேல் போகின்றன என்று பார்த்துச் சொல்வதுதான் மூவருக்கும் வேலை. அதை வைத்துத்தான் கடலுக்குள் காற்றாலை எங்கே நடலாம், எங்கே நடக்கூடாது என்று கோடு போடுவார்கள். அறிக்கை காலையில் போகிறது.

ஆலா தண்ணீரை ஒட்டித்தான் பறக்கும், மணல்திட்டுக்கு அப்பால் தாராளமாக நடலாம் என்று ஆறு வருஷமாகச் சொல்லிவருபவள் ஜோவிற்றா. இருட்டினால் அவை மேலே ஏறிவிடுகின்றன, காற்றாலை இறக்கை சுற்றுகிற உயரத்துக்கே, என்று புதிதாகச் சொல்ல வந்தவள் ஹபீபா. இருவரும் ஆளுக்குச் சில ஆலாக்களைப் பிடித்து, முதுகில் நம்பர் போட்ட கருவி கட்டி விட்டிருந்தார்கள். சரிபார்க்க வந்த தாளில் மூன்று வரி மட்டும் இரவில் எண்பது மீட்டருக்கு மேலே, இறக்கை சுற்றும் உயரத்தைக் காட்டியது. ஜோவிற்றா மூன்றையும் அடித்துவிட்டு, பக்கத்தில் ‘கருவிப் பிழை’ என்று எழுதி அனுப்பியிருந்தாள்.

கதவு தட்டாமலே திறந்தது. கையில் தாளோடு டீச்சர்.

“ஏட்டி ஜோவி, இதென்ன மூணு வரிய அடிச்சிருக்க?”

“கருவிப் பிழை, டீச்சர். ஆலா அம்புட்டு உசரம் ஏறாது. ஆறு வருஷமா பாக்கேன்.”

“ராத்திரியில?”

“ராத்திரி பைனாகுலர்ல என்ன தெரியும்?”

“காதுல?”

ஜோவிற்றா வாயைத் திறந்தபோது வேறொன்று வந்து விழுந்தது.

“எட்டு மாசத்துல அவட்ட அப்படி என்னத்தக் கண்ட? என்கிட்ட இல்லாதத?”

டீச்சர் என்ற சொல் அந்த நேரம் நாக்கில் வரவில்லை.

இசபெல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“ஒரு கதை கேளு. பிரசவ வார்டு. ரெண்டு தாய், ரெண்டு பிள்ளை, நடுவுல ஒரு திரை. தன் பிள்ளை தங்கம், பக்கத்துப் பிள்ளைதான் அழுமூஞ்சின்னு ஒருத்திக்குக் காட்டணும். விடிய விடிய முழிச்சிருந்தா. அழுகை கேக்கும்போதெல்லாம் திரைக்கு அந்தப் பக்கம்னு விரல் மடக்குனா. காலைல நர்ஸ்ட்ட சொன்னா, ‘நாப்பது தடவை சிஸ்டர், தூங்கவே விடல.’”

“நர்ஸ் என்ன சொன்னா?”

“‘அந்தப் பிள்ளைக்கு மஞ்சக்காமாலை. வெளிச்சத்துல வைக்க நேத்து ராத்திரி எட்டு மணிக்கே கீழ கொண்டுபோயாச்சே.’”

ஜோவிற்றாவின் கை தாளுக்கு நீண்டது. உயரத்தைப் பார்த்த ஆத்திரத்தில் வரியின் முதலில் இருந்த நம்பரை அவள் பார்த்திருக்கவில்லை; ஹபீபாவின் பறவை என்றே அடித்திருந்தாள். ஒன்பது. ஒன்பது. ஒன்பது.

அவளே கட்டிவிட்ட பறவை. கட்டும்போது கொத்திய தழும்பு இன்னும் கட்டைவிரலில் இருந்தது.

“இப்ப அது...”

“இப்பத்தான் கத்திக்கிட்டே வீட்டுக்கு மேல போச்சு. ரிசீவர்ல சிக்னல் விழுந்துச்சு, எண்பத்து நாலு மீட்டர். ‘ஜோவி அக்கா பிள்ளை போகுது பாருங்க டீச்சர்’ன்னு ஹபீபா ஒரே குதி. அதுக்குத்தான் சிரிச்சோம்.”

ஜோவிற்றா பேனாவை எடுத்தாள். அடித்த மூன்று வரியையும் கீழே மறுபடி எழுதினாள். ‘கருவிப் பிழை’யில் ‘கருவி’யை மட்டும் அடித்தாள். மிச்சமிருந்த சொல்லுக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள்.

தாளை வாங்கிக்கொண்டு டீச்சர் வாசல் வரை போயிருப்பாள். ஜோவிற்றாவுக்கு அடங்கவில்லை.

“இசபெல். அறிக்கையில யார் பேரு முதல்ல?”

டீச்சர் ஆலாச் சத்தத்துக்குக் காது கொடுப்பதுபோல மேலே பார்த்து விரலை உயர்த்தினாள். காற்றில் கதவு நிலையில் இடித்து இடித்துத் திரும்பியது.

“ஒண்ணும் கேக்கலட்டி. உன் கதவு ஆடுது.”

போய்விட்டாள். எதிர் அறையில் மறுபடி ஹபீபாவின் குரல், மறுபடி சிரிப்பு. ஜோவிற்றா கதவிடுக்கில் கொஞ்ச நேரம் நின்றாள்.

ஆறு வருஷமாகத் தொடாத தாழ்ப்பாள். துரு ஏறியிருந்தது. இரண்டு கையாலும் தள்ளி, உள்ளிருந்து போட்டுவிட்டு, தலையைத் தூக்கி வானத்துக்குக் காது கொடுத்தாள்.