கறுப்புச் சாயம் ஏறிய ஸ்லைடு

ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு கத்தி இருந்தது. பஸ் டிரைவர் சூசைராஜின் பெருங்குடலிலிருந்து புற்றுநோய்க் கட்டியை வெட்டி எடுத்ததிலிருந்து அதற்குத் தலைகால் புரியவில்லை.

"அடியோடு எடுத்துவிட்டேன்" என்றது.

"கல்லீரலும் சுத்தம். நானே பார்த்தேன்" என்று ஒத்து ஊதியது ஸ்கேன்.

ஆய்வுக்கூடத்தில் ஒரு சின்னக் கண்ணாடி ஸ்லைடு மட்டும் அந்தக் கொண்டாட்டத்தில் சேரவில்லை. வெட்டிய கட்டியின் மெல்லிய சீவல் ஒன்று அதன்மேல் ஒட்டியிருந்தது. பரிசோதித்த டாக்டர் ஷகீலாவுக்கு ஓரிடத்தில் சந்தேகம். விட்டுவிட்டுப் போக அவருக்கு மனம் வரவில்லை. சீவலுக்குக் கறுப்புச் சாயம் ஏற்றினார். அதுவரை கண்ணில் படாத ஒரு குட்டி ரத்தக்குழாயின் சுவர் பளிச்சென்று தெரிந்தது. அதற்குள்ளே புற்றணுக்கள் சில சத்தமில்லாமல் குந்தியிருந்தன.

"குடலின் ரத்தம் நேராகக் கல்லீரலுக்குத்தான் போகிறது" என்றது ஸ்லைடு. "இவற்றின் கூட்டாளிகள் முன்பே கிளம்பியிருக்கலாம். பிறகு அங்கே வளரலாம்."

ஸ்கேன் எரிந்து விழுந்தது. "இருக்கலாம், வளரலாம்! இதெல்லாம் ஒரு பேச்சா? உண்டா இல்லையா?"

"வளர்ந்தபின் உண்டு என்று நீ சொல்வாய். அதற்கு முன்னால் இவ்வளவுதான் சொல்ல முடியும். அதையும் சொல்லாமல் இருக்கச் சொல்கிறாயா?"

என்ன துணிச்சல் பாருங்கள்! விரலளவு கண்ணாடி, பெரிய ஆட்களை எதிர்த்து நின்றது.

ஷகீலா நேரே வார்டுக்குப் போனார். "கட்டி போயிடுச்சு. ஆனா கல்லீரலுக்குப் பரவ வாய்ப்பிருக்கு. கீமோ மருந்து ஏத்திக்கிறது நல்லது."

"எல்லாம் சுத்தம்னாங்களே டாக்டர்?" சூசைராஜ் எழுந்து உட்கார்ந்தார். "அந்த மருந்து ஏத்தினா கை மரத்துப் போகுமாம். அப்புறம் ஸ்டியரிங்கை எப்படிப் பிடிப்பேன்?"

பக்கத்தில் நின்ற மனைவி ஞானசெல்வம் பொரிந்தாள். "ஸ்டியரிங் எங்கயும் ஓடிப் போகாது. அதைப் பிடிக்க முதல்ல நீங்க இருக்கணும்ங்க."

அவர் ஒத்துக்கொண்டார். வாந்தியிலும் எரிச்சலிலும் எல்லோரையும் திட்டித் தீர்த்தார். கை மரத்தது, மெல்லத் தெளிந்தது. மறுபடி பஸ் ஓட்டினார். அவ்வப்போது வந்து ஸ்கேன் எடுத்துக்கொண்டார். வருஷங்கள் ஓடின. கல்லீரலில் எதுவும் முளைக்கவில்லை.

கத்தி ஸ்லைடைச் சீண்டியது. "என்னமோ பயமுறுத்தினாயே? உன் ஜோசியம் பலிக்கவே இல்லையே!"

"பலிக்கக் கூடாது என்பதற்காகத்தானே சொன்னேன்" என்றது ஸ்லைடு.