களஞ்சியத்து எலி தின்ற இரண்டு கலம்

வெகு காலத்துக்கு முன்னே மருதங்கோட்டை நாட்டை விசயகேது என்றொரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனுஷன்தான். ஆனால் காலையில் ஒரு உத்தரவு, மத்தியானம் அதற்கு நேர்மாறாக இன்னொன்று. கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் பேச்சுதான் அவர் காதில் நிற்கும்.

அந்த நாட்டில் தணிக்கைச் சாவடி என்று ஒன்று இருந்தது. ஆனைகளைக் கட்டுகிற கொட்டாரம், ஏரி மராமத்து, களஞ்சியம் என்று ஒவ்வொரு இலாகாவாகப் போய், வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு, போனது உருப்படியாகப் போனதா என்று பார்ப்பதுதான் அதன் வேலை. தலைவர் ஆவுடையப்பர். அவருக்குக் கீழே எட்டு எழுத்தர்கள். ஒன்பது குடும்பத்துக்கும் மாதாமாதம் அரண்மனையிலிருந்து நெல் வரும். ஆவுடையப்பருக்குச் சாப்பாடு என்றால் உயிர். கணக்கு என்றால் அதைவிட உயிர். இதை அவர் பெண்டாட்டியே சொல்லிச் சொல்லி மாய்ந்து போவாள்.

களஞ்சிய அதிகாரி பூதலிங்கத்துக்கு அவரைக் கண்டாலே வயிறு எரியும். ஒருநாள் சபையில் கிளப்பிவிட்டார்.

"மகாராஜா, இந்தச் சாவடிக்காரர்கள் உழுதார்களா, நெய்தார்களா, சண்டைக்குப் போனார்களா? எதற்கு இவர்களுக்குத் தண்டச் சோறு? எந்த இலாகாவைப் பார்க்கப் போகிறார்களோ, அந்த இலாகா அதிகாரியே தன் செலவில் சோறு போடட்டும். அரண்மனைக்கு ஒரு மணி நெல் மிச்சம்!"

"அட, நல்ல யோசனையாக இருக்கிறதே!" என்றார் ராஜா. "ஆவுடையப்பரே, இன்றிலிருந்து அப்படியே. ஒரு மாதம் பார்ப்பேன். ஒரு தப்பும் அகப்படவில்லையென்றால் சாவடியை இழுத்துப் பூட்டிவிடுவேன்."

ஆவுடையப்பருக்குச் சூது புரிந்துவிட்டது. பொல்லாத ஆள் பூதலிங்கம்! குற்றம் எழுதினால் அடுத்த வேளைச் சோறு கிடையாது. எல்லாம் சரி என்று எழுதினால் சாவடியே கிடையாது. எட்டு எழுத்தர்களும் அவர் முகத்தையே பார்த்தார்கள். அவருக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு, "உத்தரவு, மகாராஜா" என்றார்.

முதல் நாள் ஆனைக் கொட்டாரம். வடை, அதிரசம், பருப்புப் பாயசம் என்று பதினோரு பதார்த்தம்! ஆவுடையப்பர் வஞ்சனையில்லாமல் சாப்பிட்டார். ராஜாங்க உத்தரவாயிற்றே! மறுநாள் காலையில் திரும்பவும் அங்கே போய் நின்றார்.

"எழுத்தாணியை மறந்து வைத்துவிட்டேன் ஐயா. அப்படியே ஏட்டை இன்னொரு தடவை பார்த்துவிடுகிறேன்."

"இந்த மனுஷனுக்கு என்ன மறதி!" என்று எல்லோரும் சிரித்தார்கள்.

ஏரி மராமத்துக்குப் போனபோது வேலாண்டி என்ற அதிகாரி ஒரு கலயம் கம்பங்கூழும் நாலு வெங்காயமும் வைத்தார். "என் வீட்டுக் கூழ்தான் ஐயா, இதற்குமேல் எனக்கு வக்கில்லை. கரைக்கு இருநூறு கூடை மண் குறைகிறது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்" என்றார். அங்கேயும் எழுத்தாணி மறந்துபோயிற்று.

கடைசியில் களஞ்சியம். பூதலிங்கம் விழுந்து விழுந்து கவனித்தார். ஒன்பது பேருக்கும் இருபத்து மூன்று பதார்த்தம், ஆளுக்கொரு பட்டு வேட்டி. ஏடும் கண்ணாடி மாதிரி சுத்தம். ஒரு பிசகு இல்லை. மறுநாள் எழுத்தாணிக்காக ஆவுடையப்பர் அங்கேயும் போய் நின்றார்.

மாதம் முடிந்தது. சபை கூடியது. ஆவுடையப்பர் ஒரே ஒரு ஏட்டோடு வந்தார்.

"என்னய்யா, மற்ற கணக்கெல்லாம் எங்கே?" என்றார் ராஜா.

"இது சாப்பாட்டு ஏடு, மகாராஜா. யார் என்ன போட்டார்கள் என்று எழுதியிருக்கிறேன்." வாசிக்க ஆரம்பித்தார். அதிரசம் என்றதும் ராஜாவுக்கு நாக்கில் ஜலம் ஊறியது. கூழும் வெங்காயமும் என்றதும் முகம் சிவந்துவிட்டது.

"என் உத்தரவுக்குக் கூழா? எங்கே அந்த வேலாண்டி?"

"அதானே!" என்று பூதலிங்கம் குதித்து எழுந்தார். "கஞ்சப்பயல்! என் இலாகாவில் இருபத்து மூன்று பதார்த்தம் மகாராஜா! கேட்டுப் பாருங்கள்!"

"உண்மைதான் மகாராஜா. குறையே சொல்ல முடியாது. எல்லாம் எந்தச் செலவில் என்றுதான் அவரைக் கேட்க வேண்டும்."

"என் சொந்தச் செலவு!" என்று மார்தட்டினார் பூதலிங்கம்.

"அப்படியா?" ஆவுடையப்பர் கடைசி ஓலையைப் புரட்டினார். "விருந்துக்கு மறுநாள் களஞ்சிய ஏட்டில் புதிதாக ஒரு வரி ஏறியிருந்தது. விருந்து நடந்த அதே தேதி போட்டு, 'எலி தின்றது இரண்டு கலம்.' இவர் கைச்சாத்துகூட இருக்கிறது. அந்த எலி நாங்கள்தான் மகாராஜா. நானும் என் எட்டுப் பேரும்."

சபையில் ஒருவர் குபீரென்று சிரித்தார்.

"ஆனைக் கொட்டாரத்தில் எங்கள் அதிரசத்தை ஆனை தின்றதாக எழுதியிருக்கிறார்கள். வேலாண்டி ஏட்டில் மட்டும்தான் மறுநாளும் ஒரு எழுத்து கூடவில்லை. அது போகட்டும், மகாராஜா. நாங்கள் ஒன்பது பேரும் மூச்சுமுட்டத் தின்றும் இரண்டு கலம்தான். அதே ஏட்டின்படி, நாங்கள் போகாத மாதங்களில் மாதத்துக்கு நாற்பது கலம் எலி தின்றிருக்கிறது; நிஜ எலிதான் என்று அதுவரை நம்பியிருந்தோம். அது எந்த எலி?"

ராஜா ஓலையை வாங்கித் தானே படித்துப் பார்த்தார். பிறகு, "ஆவுடையப்பரே, நான் ஏமாந்துவிட்டேன். இனிமேல் உங்களுக்கு அரண்மனை மடப்பள்ளியிலிருந்தே சாப்பாடு வரும்" என்றார்.

ஆவுடையப்பர் தயங்கினார். பாயசம் கண்முன்னே வந்து போயிற்று. இருந்தாலும் கைகூப்பினார். "மன்னிக்க வேண்டும். மடப்பள்ளிக் கணக்கையும் ஒருநாள் நான் பார்க்க வேண்டி வருமே."

ராஜா முறைத்தார். அப்புறம் சிம்மாசனம் குலுங்கச் சிரித்தார். "சரியான ஆளய்யா நீர்! அறுவடை முடிந்ததும் ஊர்ச்சபைகள் கூடி, எல்லோரும் பார்க்கச் சாவடியின் நெல்லை முதலில் அளந்து வைக்கட்டும். அதில் நானே கை வைத்தாலும் தப்பு! வேலாண்டி கேட்ட மண்ணை நாளைக்கே கொட்டுங்கள். ஆனைக் கொட்டாரத்தார் அதிரசத்துக்கு நெல் அளக்கட்டும்."

பிறகு பூதலிங்கம் பக்கம் திரும்பினார். "உமக்கும் ஒரு வேலை இருக்கிறது. மாதம் நாற்பது கலம் தின்கிற அந்த எலியைப் பிடித்து வாரும். பிடிக்கிறவரை உம் சம்பளத்து நெல்லெல்லாம் களஞ்சியத்துக்கே."

மறுநாளிலிருந்து பூதலிங்கம் எலிப்பொறியும் கையுமாகக் களஞ்சியத்து மூலையில் உட்கார்ந்தார். சாயங்காலமானால் பொறியைத் தூக்கிக்கொண்டு சாவடிக்கு வருவார். ஆவுடையப்பர் தன் வீட்டுக் கம்பங்கூழைக் குடித்துவிட்டு, எழுத்தாணியைத் தேடி எடுத்து, அன்றன்றைக்கு எழுதிக்கொள்வார்: "இன்று அகப்பட்டது ஒன்று. அதுவும் சுண்டெலி."