தூமகேதுவின் மூடுபனி

முன்னொரு காலத்தில், மாதத்தை மந்திரவாதி வாயால் கேட்டுத் தெரிந்துகொண்ட காலத்தில், வெண்குன்றபுரி என்று ஒரு நாடு இருந்தது. அங்கே அல்லியங்கோதை என்று ஒரு கோபக்காரி இருந்தாள்.

கோபம் வராமல் என்ன செய்யும்? அரண்மனை மந்திரவாதி தூமகேதுவைப் பார்த்துச் சிரித்துவிட்டான் என்று அவள் அண்ணன் வேட்டனைச் சிறையில் அடைத்திருந்தார்கள். "தை பிறந்ததும் விடுதலை" என்றான் அரசன். தை பிறந்தால்தானே! தூமகேது ஊதிவிட்ட மூடுபனி ஊரையே போர்த்திக் கிடந்தது. அதைச் சுவாசித்தவர்களுக்குப் போன நாளெல்லாம் மறந்துபோயிற்று. மறந்த நாட்களைத் தின்று தின்று அவன் இளமையாகவே இருந்தான்.

"தை பிறந்ததா?" என்று தூமகேதுவிடம் கேட்டாள் அல்லி.

"இன்னும் மார்கழிதான் அம்மா."

மறுபடி கேட்டாள். "இன்னும் மார்கழிதான் அம்மா."

மூன்றாம் முறையும் அதே பதில். பல்லைக் கடித்துக்கொண்டு வெண்குன்றின் மேல் ஏறினாள். உச்சியில் பனி இல்லை. முன்னோர் வரிசையாக நட்ட கற்கள் இருந்தன. ஒரு கல்லின் மேல் உடும்பு ஒன்று வெயில் காய்ந்தது.

"இது பழைய நாட்காட்டி," என்றது உடும்பு.

"எழுத்தே இல்லையே!"

"எழுத்து வானத்தில் இருக்கிறது. சூரியன் எந்தக் கல்லுக்கு நேரே உதிக்கிறான் என்று பார். தென்கோடிக் கல்லென்றால் தை. நடுக்கல் சித்திரை. வடகோடி ஆடி. சரியான மாதத்தைத் தூமகேதுவின் முகத்துக்கு நேரே சொன்னால் மாயம் உடையும். தப்பாகச் சொன்னால் நீ சிலையாவாய். அரண்மனை வாசலில் நிற்கும் சிலைகளெல்லாம் குத்துமதிப்பாகச் சொன்னவர்கள்தான்."

விடிந்தது. நடுக்கல்லுக்கு நேரே சூரியன்!

"சித்திரை! அடப் பாவி!" அல்லி பாய்ந்தாள். உடும்பு சேலையைக் கவ்வி இழுத்தது.

"போகிறானா, திரும்புகிறானா?"

"யாரு?"

"சூரியன்தான்! வடக்கே போகும்போதும் நடுக்கல்லைத் தாண்டுவான், தெற்கே திரும்பும்போதும் தாண்டுவான். போனால் சித்திரை. திரும்பினால் ஐப்பசி."

கோபத்தை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். மறுநாள் பார்த்தாள். அதற்கு மறுநாளும் பார்த்தாள். நடுக்கல்லை விட்டுச் சூரியன் தெற்கே நகர்ந்திருந்தான். கிட்டத்தட்ட ஒரு வருஷத்தையே விழுங்கியிருக்கிறானே!

பனியைச் சுவாசித்து மறந்துவிடாமல் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, நேரே அரசவைக்குள் நுழைந்தாள்.

"இன்னும் மார்கழிதான்..." என்று ஆரம்பித்தான் தூமகேது.

"ஐப்பசிடா, திருடா! ஐப்பசி! ஐப்பசி!"

பனி கிழிந்தது. சுள்ளென்று வெயில் அடித்தது. தின்ற நாட்களெல்லாம் ஒரே நொடியில் மேலே விழ, தூமகேது கிழவனாகி, கூனாகி, புகையாகிப் போனான். வாசல் சிலைகள் தும்மிக்கொண்டு மனிதர்களாயின. வேட்டன் நெஞ்சுவரை தாடியோடு வெளியே வந்தான். தங்கை அவனைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"தெரியாமல் நடந்துவிட்டது அம்மா," என்றான் அரசன். "என்ன வேண்டுமோ கேள்."

"தெரியாமலா? ஒரு நாளாவது குன்றேறிப் பார்த்தீர்களா, ராஜா?"

அரசன் தலை குனிந்தான். அந்தக் குன்றையே அவளுக்கு எழுதிக் கொடுத்தான். அவளோ ஊரிலிருந்து உச்சிவரை படி வெட்டச் சொன்னாள். அன்றுமுதல் அந்த நாட்டில் யார் மாதம் சொன்னாலும், ஜனங்கள் படியேறிப் பார்த்துவிட்டுத்தான் நம்பினார்கள்.